65-ஐ 70 என்று படித்தவன் எழுதும் அரபி வழிகாட்டி

ரியாத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கிடங்கில் பொறுப்பாளராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் முடிந்திருந்தன. ஒருநாள் மாலை சிமெண்ட் லாரி வந்தது. கூட வந்த சீட்டில் பேனாவால் எழுதிய இரண்டு இலக்கங்கள்: முதலில் ஏழு மாதிரி ஒன்று, அடுத்துச் சுழி மாதிரி ஒன்று. 70 மூட்டை என்று பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்தும் போட்டேன். இறங்கியது 65 மூட்டை. நம் கண்ணுக்கு ஏழாகத் தெரிவது அங்கே ஆறு, சுழியாகத் தெரிவது ஐந்து. மூட்டையை எண்ணாதது என் தவறு. ஐந்து மூட்டையின் விலை அந்த மாதச் சம்பளத்தில் கழிந்தது.

பணம் போனதைவிட இன்னொன்றுதான் உறுத்தியது. அதுவரை "எனக்கு அரபி தெரியும்" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்ததெல்லாம் தொழிலாளர் முகாமில் புழங்கும் நாற்பது ஐம்பது சொற்கள். அந்த மாதமே எழுத்திலிருந்து தொடங்கினேன். பதினாறு மாதங்களில் சீட்டு, ஒப்பந்தம், பெயர்ப்பலகை படிக்கவும், லாரி ஓட்டுநரோடு சண்டை போடாமல் பேசவும் வந்தது. அதில் நான்கைந்து மாதங்கள் வீண். அவை உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வளைகுடாவுக்கு வேலைக்கு வந்திருப்பவர்கள், வரப்போகிறவர்கள், ஓர் எழுத்தும் அறியாதவர்கள் ஆகியோருக்கானது இது. குர்ஆன் ஓதுவது மட்டும் நோக்கமென்றால் அதற்கு வேறு ஆசிரியர்கள், வேறு முறை. சிறுவயதில் மதரஸாவில் ஓதியவர்கள் இரண்டாம் படியை விரைவாகக் கடக்கலாம். முழுவதும் விட்டுவிட வேண்டாம், காரணத்தை அங்கே சொல்கிறேன்.

1. எந்த அரபி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

மேடைத் தமிழுக்கும் டீக்கடைத் தமிழுக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். அரபியில் அந்தத் தூரம் இன்னும் அதிகம். செய்தித்தாள், ஒப்பந்தம், அரசுத் தாள், செய்தி வாசிப்பு எல்லாம் ஃபுஸ்ஹா என்னும் எழுத்து மொழி. மொராக்கோ முதல் ஓமான் வரை அது ஒன்றுதான். வீட்டிலும் கடையிலும் பேசுவது ஆம்மிய்யா, அது நாட்டுக்கு நாடு மாறும். "இப்போது" என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். எழுத்தில் அல்ஆன், வளைகுடாவில் அல்ஹீன், எகிப்தில் தில்வக்தி, சிரியா, லெபனான் பக்கம் ஹல்லஅ.

நான் செய்த முதல் தவறு இங்கேதான். யூடியூபில் ஒருநாள் எகிப்து ஆசிரியர், மறுநாள் லெபனான் ஆசிரியை என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். இரண்டு மாத முடிவில் என் வாயிலிருந்து வந்தது எந்த நாட்டிலும் பேசாத கலவை. படிக்க ஃபுஸ்ஹா, பேச நீங்கள் இருக்கும் ஊரின் பேச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வட்டார மொழி ஒன்று இருப்பதையே முதல் ஆண்டில் மறந்துவிடுங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதுதான் பெரிய பொறி. இந்தியர், வங்காளிகள், பாகிஸ்தானியர், நேபாளிகள் எல்லோரும் சேர்ந்து உருவாக்கிய முகாம் அரபி. "அனா மாஃபி மாலூம்" என்றால் எனக்குத் தெரியாது. "அம்ஸ் அனா ரூஹ் பகாலா" என்றால் நேற்று நான் மளிகைக் கடைக்குப் போனேன். உண்மையில் அதன் பொருள் "நேற்று நான் போ கடை". ரூஹ் என்பது ஏவல். எல்லாக் காலத்துக்கும் எல்லா ஆளுக்கும் அந்த ஒரே சொல்லை வைத்து ஓட்டுகிறோம். முறையான பேச்சில் "அம்ஸ் ருஹ்த்", நேற்றுப் போனேன், அவ்வளவுதான்.

இந்த முகாம் மொழியை இழிவாக நினைக்கவில்லை. முதல் வாரம் சாப்பாடும் தண்ணீரும் வாங்கித் தந்தது அதுதான். ஆனால் நீங்கள் அப்படிப் பேசினால் எதிரே இருக்கும் சவூதியும் அப்படியே இறங்கி வந்து பேசுவார். பத்து ஆண்டுகள் இருந்தாலும் நல்ல அரபி உங்கள் காதில் விழாது. எங்கள் முகாமில் பதினெட்டு ஆண்டு இருந்த ஒரு பெரியவர் கடைசிவரை "நான் போ" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

2. எழுத்துக்கு மூன்று வாரம், தமிழில் எழுதிப் படிக்கவே கூடாது

முப்பது நாளில் அரபி என்ற வகைப் புத்தகம் ஒன்றை ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். அரபிச் சொல், பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, அதற்கு நேரே பொருள். அதில் "கல்பு: இதயம்" என்று இருந்தது. இரவுக் காவலுக்கு இருந்த சூடான்காரப் பெரியவர் ஒருநாள் எனக்குத் தேநீர் கொடுத்தார். நெகிழ்ந்துபோய், "உங்களுக்கு நல்ல மனசு" என்ற பொருளில் "கல்பக் தய்யிப்" என்றேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "என்னிடம் நாயே கிடையாதே" என்றார்.

இதயம் என்ற சொல்லின் முதல் எழுத்து தொண்டையின் அடியிலிருந்து வரும் காஃப். நாய் என்ற சொல்லில் இருப்பது நம் ககரம் போன்ற இன்னொரு காஃப். தமிழில் எழுதினால் இரண்டும் "கல்ப்" தான். உழைப்பும் அமல், நம்பிக்கையும் அமல்; அரபியில் முதல் எழுத்தே வேறு. தமிழ் எழுத்து அரபி ஒலிகளைத் தாங்காது. (இந்தக் கட்டுரையிலும் வேறு வழியில்லாமல் அதைத்தான் செய்கிறேன். ஆகவே இங்கே உள்ள சொற்களை இப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். அரபியில் பார்த்து, காதால் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.)

எழுத்துகள் 28. தமிழின் 247-ஐ ஐந்து வயதில் விழுங்கியவர்களுக்கு இது பெரிதல்ல. அடிப்படை வடிவங்கள் இன்னும் குறைவு, புள்ளிதான் வேலையைச் செய்கிறது. படகு வடிவம் ஒன்று: கீழே ஒரு புள்ளி வைத்தால் பா, மேலே இரண்டு வைத்தால் தா, மூன்று வைத்தால் ஸா. வலமிருந்து இடமாக எழுத வேண்டும். பெரும்பாலான எழுத்துகள் சொல்லின் முதலில், இடையில், கடையில் வெவ்வேறு உருவம் எடுக்கும். அலிஃப், இரண்டு தால், ரா, ஸாய், வாவ் என்னும் ஆறு எழுத்துகள் மட்டும் தமக்கு இடப்பக்கம் வருவதோடு ஒட்டாது. இந்த ஆறையும் முதல் நாளே தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரே சொல்லுக்குள் ஏன் இடைவெளி விழுகிறது என்று நான் ஒரு வாரம் விழித்தேன், இதை யாரும் சொல்லவில்லை.

செலவு: கோடு போட்ட ஒரு நோட்டு, ஒரு பென்சில். நாளுக்கு இரண்டு எழுத்து, ஒவ்வொன்றும் நான்கு வடிவத்தில், ஒரு பக்கம். 14 நாளில் 28 எழுத்தும் முடியும். மூன்றாவது வாரம் கைபேசியில் அரபி விசைப்பலகையைச் சேர்த்துத் தட்டிப் பழகுங்கள். படிக்கும் பயிற்சிக்குப் பாடநூல் வேண்டாம், தெரு போதும். உங்களுக்கு முன்பே தெரிந்த பெயர்களை முதலில் தேடுங்கள். பெப்ஸி பாட்டில்தான் நான் படித்த முதல் அரபி. அரபியில் வல்லின பகரம் கிடையாது என்பதையும் அந்தப் பாட்டில்தான் சொல்லிக்கொடுத்தது; அதில் இருப்பது கீழே ஒரு புள்ளி வைத்த, பாலம் என்பதை உரக்கச் சொல்லும்போது வராத, "பஸ்" என்று சொல்லும்போது வரும் பா.

குறில் ஒலிகளை எழுத்தின் மேலும் கீழும் இடும் சிறு கோடுகள் காட்டும். குர்ஆனிலும் பாடநூலிலும் அவை இருக்கும், செய்தித்தாளிலும் கடைப் பலகையிலும் இருக்காது. மதரஸாவில் படித்தவர்களும் இந்தப் படியை முழுக்க விட வேண்டாம் என்றது இதனால்தான். கோடில்லாமல் படிப்பது தனிப் பழக்கம். புள்ளியில்லாத ஓலைச்சுவடியில் எது மெய், எது உயிர்மெய் என்று இடம் பார்த்துப் படித்தார்களே, அதுபோலத்தான். சொல் தெரிந்தால் படிக்க வரும், தெரியாவிட்டால் தடுக்கும்.

3. எண், தேதி, கிழமை: ஒரே வாரம், உடனே பலன்

எழுத்தைத் தொடங்கும் முன்பே இதைக் கற்றாலும் தவறில்லை. எனக்கு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் ஐந்து மூட்டைப் பணம் மிஞ்சியிருக்கும்.

ஒன்றும் ஒன்பதும் நமக்குப் பழகிய உருவங்களே. நான்கு, திருப்பிப் போட்ட 3 போல இருக்கும். ஐந்து ஒரு வட்டம். ஆறு நம் 7 போல. ஏழு மேலே திறந்த கூம்பு, எட்டு அதைக் கவிழ்த்தது. சுழியம் வெறும் புள்ளி. ஆகவே வட்டமும் புள்ளியும் சேர்ந்து வந்தால் 50. கையெழுத்தில் 2, 3 இரண்டும் ஆளுக்கு ஆள் மாறும். பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் வாய்விட்டுக் கேட்டே உறுதி செய்யுங்கள். எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண் இடமிருந்து வலம்தான்.

சொல்லும்போது 21 முதல் ஒன்றின் இடம் முந்திவரும். இருபத்தைந்து என்பது "கம்ஸா வ இஷ்ரீன்", ஐந்தும் இருபதும். கடைக்காரர் முதல் பாதியைச் சொன்னதுமே பணத்தை எடுத்து நீட்டாதீர்கள். மூன்று முதல் பத்து வரை எண்ணுப்பெயரின் பால், எண்ணப்படும் பொருளின் பாலுக்கு நேர்மாறாக வரும் என்று இலக்கணத்தில் ஒரு விதி இருக்கிறது. இப்போது அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், கடைக்காரரும் கட்டுவதில்லை.

கிழமைகளில் ஒரு லாபம் உண்டு. ஞாயிறு "ஒன்று", திங்கள் "இரண்டு" என்று வியாழன் "ஐந்து" வரை எண்களின் சாயலிலேயே பெயர். எண் வந்தால் கிழமையும் வந்துவிடும். வெள்ளி ஜுமுஆ, சனி ஸப்த் மட்டும் தனி.

தேதியில் கவனம் தேவை. தேதியின் அருகே ஹா எழுத்து இருந்தால் ஹிஜ்ரி என்னும் இஸ்லாமிய ஆண்டு, மீம் எழுத்து இருந்தால் ஆங்கில ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். "இரண்டு ஆண்டு" என்று ஹிஜ்ரிக் கணக்கில் எழுதிய ஒன்று, நீங்கள் நினைப்பதைவிட மூன்று வாரம் முன்பே முடிந்துவிடும்.

4. ஒலிகள்: காதுக்கு முதலிடம்

ஹகரம் போலக் காதில் விழுவது மூன்று. ஒன்று சாதாரண ஹா. இரண்டாவது, கண்ணாடியைத் துடைக்க வாயால் ஆவி ஊதும்போது வருவது. மூன்றாவது, தொண்டையைக் காறும்போது வருவது. இவற்றோடு ஐன் என்ற எழுத்து: தொண்டையின் அடியை மெல்ல இறுக்கிச் சொல்லும் ஒலி. எனக்கு ஐன் வர ஐந்து மாதம் ஆனது. குளியலறைதான் பயிற்சிக் கூடம், பக்கத்து அறைக்காரர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

நமக்குச் சாதகமானவையும் உண்டு. குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டித்தலும் அரபியில் பொருளையே மாற்றும். தரஸ என்றால் படித்தான், தர்ரஸ என்றால் படிப்பித்தான். ஐரோப்பியர்கள் இதில் மாதக் கணக்கில் தடுமாறுவார்கள். படம், பட்டம், பாடம், பாட்டம் என்று வளர்ந்த நமக்குக் காதில் சட்டென்று பிடிபடும்.

5. இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகக் கற்காதீர்கள்

பாடநூல் பலவற்றைத் திறந்து மூடிய பிறகு நான் நிலைத்தது "துரூஸுல் லுகத்தில் அரபிய்யா" என்ற மூன்று பாக நூலில். எல்லோரும் மதீனா புத்தகம் என்பார்கள். எழுதியவர் டாக்டர் வி. அப்துர் ரஹீம், நம் வாணியம்பாடியில் பிறந்து மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். அரபி அறியாமல் அங்கே வந்த மாணவர்களுக்காக எழுதியது. முதல் பாகத்தில் 23 பாடம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அச்சிட்டுக் கட்டிக்கொண்டால் வசதி. அதில் உள்ள சொற்கள் பள்ளிவாசல், வகுப்பறை, ஒட்டகம் என்று போகும், சிமெண்டும் கம்பியும் வராது. அது ஒரு குறைதான். ஆனால் வாக்கியம் எப்படி நிற்கிறது என்பதை இவ்வளவு எளிதாக வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை.

முதல் பாடத்தின் முதல் வாக்கியம் "ஹாதா பைத்". ஹாதா என்றால் இது, பைத் என்றால் வீடு. இது வீடு. முடிந்தது. நடுவில் வினை எதுவும் இல்லை. ஆங்கில விளக்கவுரை இதற்கு அரைப் பக்கம் செலவழிக்கிறது, தமிழனுக்கு விளக்கமே வேண்டாம். "இந்தீ கிதாப்" என்றால் என்னிடம் புத்தகம். இதுவும் நம் வழிதான். "கதப்து" என்றால் எழுதினேன். நான் என்று தனியாகச் சொல்லாமலே வினையின் முடிவில் ஆள் தெரிகிறது.

இன்னொன்றைக் கண்டபோது உண்மையிலேயே எழுந்து நின்றுவிட்டேன். அரபி இலக்கணம் பெயர்களை ஆகில், கைர் ஆகில் என்று பிரிக்கிறது, அறிவுள்ளது, அறிவற்றது. உயர்திணை, அஃறிணை! மனிதரல்லாதவற்றின் பன்மையை அரபியில் பெண்பால் ஒருமை போலவே நடத்துவார்கள். ஆங்கிலம் வழி படித்தவர்கள் இதை விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள். நமக்கு "மாடுகள் வந்தது" என்று பேச்சில் சொல்லிப் பழக்கம்தானே.

எதிராக இருப்பவையும் சொல்ல வேண்டும். பெயரடை பெயருக்குப் பின்னால் வரும்: பைத் கபீர், "வீடு பெரிய". உயிரற்ற பொருளுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. கார் பெண், வீடு ஆண். எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா என்பதற்கேற்ப "நீ" மாறும், இந்த்த, இந்த்தி. முகாம் மொழியில் எல்லோரும் இந்த்த தான். மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண்ணை நான் இரண்டு ஆண்டுகள் "ஐயா நீர்" என்ற பாணியிலேயே அழைத்துவந்திருக்கிறேன்.

"நீங்கள்" என்ற மரியாதை எங்கே என்று தேடுவீர்கள். அது அழைக்கும் முறையில் இருக்கிறது. வயதான ஆணை யா அம்ம் என்பார்கள், சிற்றப்பா, பெரியப்பா முறை. வயதான பெண்ணை யா காலா, சின்னம்மா, பெரியம்மா முறை. பழகியவரை மூத்த மகன் பெயரோடு சேர்த்து அபூ இன்னார் என்று அழைத்தால் முகம் மலர்ந்துவிடும்.

எழுத்து மொழியில் சொல்லின் கடைசியில் வரும் உன், இன், அன் விகுதிகளைப் பேச்சில் உச்சரிக்காதீர்கள். காய்கறிக் கடையில் போய் "யான் தக்காளி வேண்டினேன்" என்றது போலிருக்கும்.

6. சொற்கள்: பாதி உங்கள் வாயிலேயே இருக்கிறது

வக்கீல், வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து, ஜாமீன், கைதி, ஆஜர், மகசூல், தரப்பு. நீதிமன்றத்திலும் தாலுகா அலுவலகத்திலும் நாம் புழங்கும் இவையெல்லாம் அரபியில் பிறந்து, பல கை மாறி நம்மிடம் வந்தவை. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் அங்கேயும் "ஹாளிர்" என்பார்கள். கடையில் மிச்சச் சில்லறைக்கு "அல்பாகீ". ஒரு தாளை எடுத்து இத்தகைய சொற்களைப் பட்டியலிடுங்கள், முப்பதுக்குக் குறையாது. பொருள் சற்று விலகியிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கே வக்கீல் என்றால் வழக்கறிஞர் மட்டுமல்ல, முகவரும்தான்.

அடுத்து வேர். பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களின் மேல் நிற்கின்றன. க-த-ப என்றால் எழுத்து சம்பந்தப்பட்டது: கிதாப் புத்தகம், காதிப் எழுத்தர், மக்தூப் எழுதப்பட்டது, மக்தப் அலுவலகம், மக்தபா நூலகம் அல்லது புத்தகக் கடை. முன்னால் "ம" சேர்ந்தால் பெரும்பாலும் இடம். உண்ணும் இடம் மத்அம், சமைக்கும் இடம் மத்பக், துவைக்கும் இடம் மக்ஸலா, படிக்கும் இடம் மத்ரஸா. இது பிடிபட்ட நாளில் ரியாத்தின் பத்தா தெருவில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன்.

நோட்டில் சொற்களை வரிசையாக எழுதாமல், வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். புதுச்சொல் வரும்போது அதன் வேரின் பக்கத்தில் போய்ச் சேரட்டும். ஹான்ஸ் வேர் (Hans Wehr, தொகுத்தவர் பெயர்) அகராதியை இப்போது வாங்க வேண்டாம். அதில் சொற்கள் வேர்வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும், மக்தபாவை மீமில் தேடினால் கிடைக்காது. ஆறு மாதம் கழித்து வாங்கினால் போதும். அதுவரை கைபேசி அகராதி.

7. ஆசிரியருக்குப் பணம் கொடுப்பது எப்போது, எவ்வளவு

முதல் மூன்று மாதம் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். எழுத்தும் எண்ணும் கற்க ஆசிரியருக்குக் காசு கொடுப்பது, வாய்க்கால் தண்ணீரைப் பாட்டிலில் வாங்குவது போல. நான் கொடுத்தேன். ஒரு பயிற்சி நிலையத்தில் முன்பணமாக 900 ரியால், இகாமா என்னும் குடியிருப்பு அனுமதி அட்டையின் நகல், பாஸ்போர்ட் நகல், இரண்டு புகைப்படம். மாலை ஆறு மணி வகுப்பு. எனக்கு வேலை முடிவதே ஏழு மணிக்கு. "நேரம் மாற்றித் தருகிறோம்" என்றார்கள், மாற்றவில்லை. போனது நான்கு வகுப்பு, பணம் திரும்பவில்லை. சேரும் முன் வகுப்பு நேரத்தையும், பணம் திரும்பப் பெறும் விதியையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு வகுப்பு இலவசமாக உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள், மறுக்கும் இடத்தில் சேராதீர்கள்.

சவூதியில் ஜாலியாத் என்று அழைக்கப்படும் மையங்கள் பல ஊர்களில் உள்ளன. சமயப் பணிக்கான அமைப்புகள் அவை, சில இடங்களில் இலவச அரபி வகுப்பும் நடக்கும். உங்கள் பகுதியில் விசாரித்துப் பாருங்கள். பாடம் சமயம் சார்ந்தே இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

நான்காவது மாதம் இணையவழித் தனி ஆசிரியர் ஒருவரைப் பிடித்தேன். வாரம் இரண்டு மணி, மணிக்கு 6 டாலர், அதாவது 22.50 ரியால். இருபத்தாறு வாரத்தில் 1,170 ரியால். முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்: உங்கள் ஊர்ப் பேச்சு வேண்டும், ஆங்கிலத்தில் விளக்கம் குறைவாக வேண்டும், பேசும்போது ஒவ்வொரு தவறுக்கும் நிறுத்தாமல் கடைசியில் சொல்ல வேண்டும். இலக்கணம் பற்றியே அரை மணி பேசும் ஆசிரியரை மாற்றிவிடுங்கள், அதற்குப் புத்தகம் இருக்கிறது.

காசில்லாத ஆசிரியர்கள் சுற்றிலும் உண்டு. பயன்படுத்த ஒரே வழி, வணக்கத்துக்கு மறுமொழியைச் சரியாகச் சொல்வது. ஸபாஹல் கைர் என்றால் ஸபாஹந் நூர். வேலை செய்துகொண்டிருக்கும்போது யாராவது "யஅதீகல் ஆஃபியா" என்பார்கள், உடல்நலம் தரட்டும் என்று. அதற்கு நாங்கள் எல்லோரும் சிரித்துத் தலையாட்டுவோம். "அல்லாஹ் யஆஃபீக்" என்று நான் முதன்முறை திருப்பிச் சொன்னபோது அந்தப் பொறியாளர் நின்று, என் பெயரைக் கேட்டார். இரண்டு ஆண்டில் முதல்முறை.

8. உங்கள் சொந்தத் தாள்களே அடுத்த பாடநூல்

ஆறாவது மாதம் இகாமாவைக் கையில் எடுங்கள். அல்இஸ்ம் பெயர், அல்மிஹ்னா தொழில், அல்ஜின்ஸிய்யா நாட்டுரிமை, ஸாஹிபுல் அமல் வேலை தருபவர், தாரீகுல் இந்திஹா முடியும் தேதி. தொழில் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் அறையில் மின்பணியாளர் ஒருவர், தன் அட்டையில் "ஆமில்", அதாவது கூலியாள், என்று இருப்பதை நான் படித்துச் சொல்லித்தான் அறிந்தார்.

பிறகு வேலை ஒப்பந்தம். அதன் பெயர் அக்த். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் அரபியும் வேறு மொழியும் சேர்ந்திருந்தால் அரபி வாசகமே செல்லும். நீங்கள் படித்துக் கையெழுத்திட்ட ஆங்கிலப் பக்கத்தில் ஒன்றும், அரபிப் பக்கத்தில் வேறொன்றும் இருந்தால் என்ன ஆகும் என்று இதிலிருந்தே தெரியும். தொடக்கத்தில் அத்தரஃபுல் அவ்வல், அத்தரஃபுஸ் ஸானீ என்று வரும். முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு. நம் தரப்பு அங்கிருந்து வந்ததுதான். தேட வேண்டியவை: அர்ராதிபுல் அஸாஸீ அடிப்படைச் சம்பளம், பதல் ஸகன் வீட்டுப்படி, ஃபத்ரத்துத் தஜ்ரிபா சோதனைக் காலம், இஜாஸா விடுப்பு. இந்த நான்கையும் எதிரே உள்ள எண்களையும் ஆங்கிலப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

மூன்று சொற்களைப் படிக்கத் தெரியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். இஸ்திகாலா என்றால் பதவி விலகல். தனாஸுல் என்றால் உரிமையை விட்டுக்கொடுத்தல். முகாலஸா என்றால் கணக்கு முடித்து எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல். பணம் கைக்கு வரும் முன் முகாலஸாவில் கையெழுத்திட்டவர்கள் பிறகு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த மூன்றையும் அரபியில் எழுதி, பணப்பையில் வைத்துக்கொண்டாலும் சரி. கைபேசிக் கேமரா மொழிபெயர்ப்பு அச்சுக்கு ஓரளவு உதவும், பேனாவால் எழுதியதில் உளறும்.

9. சான்றிதழ்

யாரும் உங்களிடம் கேட்காதவரை வேண்டாம். கிடங்கு, விற்பனை, ஓட்டுநர் வேலைகளில் பேசிக் காட்டினால் போதும். மொழிபெயர்ப்பு, அலுவலக நிர்வாகம் என்று நகர நினைப்பவர்களுக்கு மட்டும் முறையான படிப்பு தேவைப்படும். ஊரில் இருந்தபடி படிக்க விரும்புபவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபி, பாரசீக, உருதுத் துறையிலும் அரபித் துறை உள்ள கல்லூரிகளிலும் சேர்க்கைக்கு முன்பே நேரில் போய் விசாரியுங்கள். நிலையங்கள் தரும் "பங்கேற்புச் சான்றிதழ்" சுவரில் மாட்டத்தான் ஆகும்.

10. எவ்வளவு நாள் ஆகும்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்கு அரபி கற்பிக்க ஒதுக்குவது 88 வாரம், 2,200 வகுப்பு மணி. நாளுக்கு ஒரு மணி வீதம் நாம் படித்தால் ஆறு ஆண்டு. மிரள வேண்டாம், அது தூதரகப் பணிக்கான அளவு. பதினாறு மாதத்தில் நான் செலவிட்டது சராசரியாக நாளுக்கு முக்கால் மணி, மொத்தம் ஏறக்குறைய 350 மணி. முதல் மாதம் எழுத்தும் எண்ணும். மூன்றாம் மாதம் பலகை படிப்பது. ஆறாம் மாதம் இகாமா, சீட்டு, கடைப் பேச்சு. ஓராண்டில் ஒப்பந்தத்தை அகராதியோடு படிப்பது. தொலைபேசியில் பேசுவது கடைசியில்தான் வந்தது, உதடு தெரியாமல் கேட்பது வேறு கலை. செய்தித்தாள் இன்னும் முழுதாக வரவில்லை.

வேலை முடிந்து வந்து படிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள், படுக்கை ஜெயித்துவிடும். கம்பெனி பஸ்ஸில் காலையில் நாற்பது நிமிடம் இருந்தது, அதுதான் என் வகுப்பறை. ரமலானில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஊரே இரவுக்கு மாறிவிடும், வகுப்பு நேரங்களும் மாறும்.

முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நோட்டை ரியாத்திலேயே விட்டுவிட்டுப் போனேன். இரண்டு மாதம் கழித்து வந்து பார்த்தால் இரண்டு தால்களும் எது எதுவென்று தெரியவில்லை. பழைய இடத்துக்கு வர மூன்று வாரம் பிடித்தது. அடுத்த முறை நோட்டைக் கைப்பையில் வைத்தேன். பெட்டியில் வைத்தால் மிட்டாய்க்கும் போர்வைக்கும் அடியில் போய்விடும், ஊரில் அந்தப் பெட்டியை நீங்கள் திறக்கப்போவதில்லை, வீட்டார் திறப்பார்கள்.